'விருப்ப ஓய்வு': ஒரு கலைச்சொல்லின் அரசியல் – பலெர்மோ, திருப்பெரும்புதூர் ஒப்பீடு

பலெர்மோவுக்கு மேற்கேயுள்ள காரீனியில் இத்தால்தெல் நிறுவனம் தொலைபேசி இணைப்பகக் கருவிகளை உற்பத்தி செய்தது. 1980களில் மின்பொறி இணைப்பகங்களின் இடத்தை மின்னணு இணைப்பகங்கள் பிடித்தன. அதே உற்பத்திக்கு வேண்டிய கைகள் குறைந்தன. மரீசா பெல்லிசாரியோ தலைமையேற்ற 1981 முதல் அந்நிறுவனம் பெரும் ஆட்குறைப்பைக் கண்டது. மிகையெனக் கணிக்கப்படும் தொழிலாளரை இத்தாலியர் 'எசூபெரி' என்பர். நிரம்பி வழிதல் என்பது அதன் வேர்ப்பொருள். மனிதரைச் சரக்காக்கும் கொடிய சொல்தான். எனினும் மிகையென முடிவுசெய்தது நிர்வாகமே என்பதை அச்சொல் மறைப்பதில்லை. 'காஸ்ஸா இன்டெக்ராட்சியோனே' எனும் பொதுநிதி, தொழிலாளரை நிறுவனப் பதிவேட்டில் வைத்துக்கொண்டே ஊதியத்தின் ஒரு பகுதியை வழங்குகிறது; 1968ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மறுசீரமைப்புக் காலங்களுக்கும் விரித்தது. (பலெர்மோவாழ் ஈழத்தமிழர் பலர் செய்யும் வீட்டுப்பணிக்கு இந்நிதி இல்லை.)

திருப்பெரும்புதூரில் கதை வேறு. 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலையில் உச்சகாலத்தில் சுமார் 8,000 பேர் நேரடிப் பணியில் இருந்தனர். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசிப் பிரிவு மைக்ரோசாப்ட் வசமானபோது, வரிவழக்கில் சிக்கிய இவ்வாலை விற்பனைக்கு வெளியே நின்றது. அடுத்த சில வாரங்களில் சுமார் 5,000 பேர் 'விருப்ப ஓய்வு' பெற்றனர். நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

அவர்களுள் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள்; பெண்கள் மிகுதி. தமிழில் 'ஓய்வு' என்பது உழைத்து முடித்த முதுமைக்குரியது. இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு அதனைச் சூட்டிய நாளிதழ்கள் மேற்கோள் குறிகூட இடவில்லை. ஆங்கிலத் தொடருக்கு மிக நேர்மையான மொழிபெயர்ப்பு இது, நிகழ்ச்சிக்கு நேர்மையற்றது. ஒப்பமிட்டோர் தொகை பெற்றனர் என்பது மெய்யே. ஆனால், கொள்வோர் ஒப்பந்தம் நீடிக்குமா என்று தெரியாத ஆலையில் இடப்பட்ட கையொப்பத்தை 'விருப்பம்' என்பது தகாது.

இது வெறும் சொல்நயச் சிக்கலன்று. அன்று நடைமுறையிலிருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம், 'ஆட்குறைப்பு' என்பதை வரையறுக்கையில் விருப்ப ஓய்வை அதிலிருந்து வெளிப்படையாக நீக்கியது. 100 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் ஆட்குறைப்புக்கு அரசின் முன்னனுமதி அன்று வேண்டியிருந்தது. விருப்ப ஓய்வுக்கு வேண்டியிருக்கவில்லை. எனவே அப்பெயரைத் திறனாயாமல் வழிமொழியும் ஆய்வாளர், வரலாற்றை நிறுவனத்தின் ஆவணமொழியிலேயே எழுதுகின்றனர். தொழிலாளர் வழக்கிலுள்ள 'கணக்கு முடித்தல்' என்னும் தொடரில் விருப்பமும் இல்லை, ஓய்வும் இல்லை. கணக்கை முடிப்பவர் யார் என்ற கேள்வி மட்டும் திறந்தே நிற்கிறது.