நாதமும் நாமமும்

குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல்களைப் படிக்கும் நம் இல்லங்களில் ஒரு தயக்கம் நெடுங்காலமாகவே உண்டு. வாசி, நாதம், மனோன்மணி முதலிய சொற்கள் வரும் இடங்களில் படிப்பவர் குரல் சற்றே தாழ்கிறது. யோகியரின் சொற்கள் ஒரு முஸ்லிம் புலவரின் வாயில் எவ்வாறு வந்தன என்று ஒரு சாரார் முகம் சுளிக்கின்றனர். மறு சாராரோ, யோகியர் கேட்ட ஓசையைத்தான் ஸூபிகளும் கேட்டார்கள், எல்லாம் ஒன்றே என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகின்றனர். முன்னவர் நூலை மூடிவிடுகிறார். பின்னவரோ அதைத் திறவாமலே தீர்ப்பு வழங்குகிறார். இருவரோடும் நமக்கு உடன்பாடில்லை.

யோகியர் கூறுவது என்ன? சுவாத்மாராமர் 15-ஆம் நூற்றாண்டளவில் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை இருவகை ஓசைகளைப் பேசுகிறது. ஒன்று நாமே எழுப்புவது. வண்டு முரல்வது போல் மூச்சை இழுத்தும் விடுத்தும் செய்யும் அப்பயிற்சிக்குப் பிராமரி என்று பெயர். மற்றொன்று எழுப்பாமலே கேட்பது. காதுகளை அடைத்து அமர்ந்தவனுக்கு முதலில் கடலும் முகிலும் பேரிகையும், இடையில் மத்தளமும் சங்கும் மணியும், இறுதியில் கிண்கிணியும் குழலும் வீணையும் வண்டும் ஒலிக்கும் என்று அந்நூல் வரிசைப்படுத்துகிறது. நம் தமிழில் திருமூலரும் இத்தகைய பத்து ஓசைகளை எண்ணிக் காட்டியுள்ளார். (காதை அடைத்த மாத்திரத்தில் கேட்கும் இரைச்சலில் தசையின் அசைவொலியும் குருதியோட்டத்தின் ஒலியும் கலந்துள்ளன. அதைக் கேட்டவுடனே ஞானம் கிட்டிவிட்டதாக மகிழும் இளைஞர்களுக்கு இதனைச் சொல்லி வைக்கிறோம்.) யோக நூலும் ஓசையோடு நின்றுவிடவில்லை. மனம் ஓசையில் ஒடுங்கி, பின் அவ்வோசையும் ஒடுங்கிய பிறகு எஞ்சும் நிலையே அதன் குறிக்கோள். சமாதிக்கு அது வழங்கும் பெயர்களுள் ஒன்றுதான் மனோன்மணி.

முஸ்லிம் பெரியார்கள் இவற்றை அறியாதிருக்கவில்லை. அமிர்தகுண்டம் என்னும் யோக நூல் அரபியில் 'ஹவ்ளுல் ஹயாத்' என வழங்கிற்று. குவாலியரைச் சேர்ந்த ஷைகு முஹம்மது கவ்து (மறைவு 1563) அதனை விரித்துப் பாரசீகத்தில் 'பஹ்ருல் ஹயாத்' ஆக்கினார். யோகியர் ஓதும் மந்திர ஒலிகளுக்கு நேராக இறைவனின் திருநாமங்களை வைத்ததே இந்நூல்களின் சிறப்பு. காதிரிய்யா வழியினரான இளவரசர் தாரா ஷிகோவும் 'ரிஸாலயே ஹக்நுமா' என்னும் நூலில் உள்ளோசை கேட்கும் பயிற்சியைச் 'சுல்தானுல் அத்கார்', அதாவது திக்ருகளின் அரசு என்று போற்றுகிறார். இளவரசர் இங்கே சற்று விரைந்துவிட்டார் என்பது நம் கருத்து. கேட்பதை எல்லாம் திக்ரு என்று கூறிவிட இயலுமா? திக்ரு என்பது நினைவுகூர்தல். நினைவுக்கு நினைக்கப்படுபவன் ஒருவன் வேண்டும். நாதத்துக்குப் பொருள் இல்லை, விளி இல்லை. நாமத்துக்கு இரண்டும் உண்டு.

நாயகம் (ஸல்) அவர்களுக்கு வஹீ வந்த விதம் பற்றிய புகாரியின் நபிமொழி ஒன்று இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருகிறது. சில வேளை மணியோசை போல் வரும், அதுவே மிகக் கடினமானது, அந்நிலை நீங்கும்போது கூறப்பட்டது உள்ளத்தில் பதிந்திருக்கும் என்பது அதன் கருத்து. நபிமாருக்கு மட்டுமே உரிய வஹீயை எவருடைய பயிற்சியோடும் நாம் ஒப்பிடவில்லை. ஆனால் ஓசை நீங்கிய பின் அங்கே எஞ்சியது சொல். யோகியின் வழியிலோ ஓசை நீங்கினால் எஞ்சுவது மோனம்.

இதை மனத்திற்கொண்டு மஸ்தான் சாகிபு அவர்களிடம் திரும்பினால், 1838-இல் மறைந்த அப்பெருந்தகை செய்தது தெளிவாகிறது. அவர் பாடிய கண்ணிகளுள் ஒன்று மனோன்மணிக் கண்ணி. மற்றொன்று றகுமான் கண்ணி. முன்னதில் கண்ணிதோறும் மனோன்மணியே என்ற அழைப்பு. பின்னதில் றகுமானே என்ற அழைப்பு. யோக நூலில் எய்தவேண்டிய ஒரு நிலையின் பெயராக இருந்தது, இங்கே ஏங்கி அழைக்கப்படும் காதலியின் பெயராகி நிற்கிறது. மனோன்மணி சைவ மரபில் சக்தியின் பெயருமாகும்; அவளை விளித்தல் அவருக்கு முன்னரே தமிழில் உண்டு. கண்ணி வடிவத்துக்கும் அவர் தாயுமானவருக்குக் கடன்பட்டவரே. இவற்றை மறைப்பதால் நம் புலவருக்குப் பெருமை கூடிவிடாது. ஆயினும் லைலாவைத் தேடும் மஜ்னூனின் தவிப்பை அப்பெயரின்மேல் ஏற்றியது அவர் கைவண்ணம். தவிப்பவன் காதை அடைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதில்லை, வாய்விட்டு அழைக்கிறான்.

எல்லாப் பாடல்களிலும் இம்மாற்றம் முழுமையாக நிகழ்ந்துவிட்டது என்று நாம் வாதாடவில்லை. யோகக் குறியீடுகள் செரிக்கப்படாமல் அடுக்கடுக்காய் நிற்கும் பாடல்களும் அவரிடம் உள. அங்கே சொல் இருக்கிறது, ஏக்கம் இல்லை. அவற்றைப் படித்துவிட்டுத்தான் பலர் நூலை மூடுகின்றனர் போலும். அவர்கள் ஓரிரவு மனோன்மணிக் கண்ணியையும் றகுமான் கண்ணியையும் அடுத்தடுத்து வைத்து உரக்கப் படித்துப் பார்க்கட்டும். இரண்டிலும் அழைப்பவர் குரல் ஒன்றா, வேறா என்பதை அவர்கள் செவியே கூறட்டும்.