சேக்கிழார் காட்டும் மணவினை ஆயத்தம்

திருமண நாளுக்கு முந்திய ஒரு வாரம் இல்லறத்தார்க்கு இரவு பகல் அறியாத காலமாகும். பந்தற்கால் நடுதலும், தாலிக்குப் பொன்னுருக்குதலும், சுற்றத்தாரை எதிர்கொள்ளுதலும், அரிசியும் காயும் இலையும் பூவும் சேர்த்தலும், விடுபட்டார் பெயரை நினைந்து நினைந்து ஓலை விடுத்தலும் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து நெருக்கும். முளைப்பாலிகையை ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்று என ஒற்றைப்பட எண்ணிய நாட்களுக்கு முன்னரே விதைத்தல் பண்டை மரபு. அம் முளை எழுந்து நிமிருமளவும் வீட்டிலுள்ளார் ஒருவரும் அமர்வதில்லை. அவ்வாரத்தே தலைவன் உண்டானோ, உறங்கினானோ என்று கேட்பார் சிலர். வழிபாட்டுக்கு அமர்ந்தானோ என்று கேட்பார் அரியர்.

இவ்வாரவாரத்தைத் திருத்தொண்டர் புராணம் ஓரிடத்தன்றிப் பலவிடத்தும் விரித்துரைக்கின்றது. அடியார் சரிதங்கூற எழுந்த நூலுக்குத் தோரணமும் பந்தரும் முரசும் மாலையும் எற்றுக்கு என வினவுவார் உளர். புராணம் விரித்துரைப்போரிற் பலர் அவ்விடம் வந்தவுடன் நாலைந்து விருத்தங்களை ஒருங்கே தாண்டி, இறைவன் வெளிப்படும் இடத்திற் சென்று நிற்பர். வசனமாகச் சுருக்குவோரும் முதலிற் குறைப்பது அப்பகுதியையே. காப்பியத்துக்கு நகரமும் மணமும் கூறல் வேண்டும் என்னும் இலக்கணத்துக்காகச் சேக்கிழார் அவற்றை ஓதினாரேயன்றி, அவற்றாற் கதைக்கு ஆவது யாதுமில்லை என்பது அவர் கருத்து. அக்கருத்துப் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் நூல் எழுந்த காலத்தை நோக்குக. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டினர். அநபாயன் எனப்பெறும் இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவர். அவ்வரசன் சீவகசிந்தாமணியில் ஈடுபட்டிருந்தமை கண்டே அடியார் வரலாற்றை அவனுக்கு எடுத்துரைத்தனர் என்பது சேக்கிழார் புராணம் கூறும் செய்தி. அச் சிந்தாமணிக்கு மணநூல் என்பதும் ஒரு பெயர். சீவகன் மங்கையர் பலரை ஒருவர்பின் ஒருவராக மணந்து இன்புறுவதே அதன் பெரும்பகுதி. மணங்களைச் சுவைத்த அரசன் செவிக்கு மணமே கூறாத நூல் ஏறுமா என்பது ஐயம். சேக்கிழாரோ மணங்களை விலக்கவில்லை. மணநூலினும் விரிவாகப் பந்தர் அமைத்து, முரசறைந்து, மாலை தொடுத்து, அவ்விடத்தே சிவபெருமானைப் புகுத்தினார். இஃது இலக்கணத்துக்குப் பணிந்த செயலன்று. இலக்கணத்தைத் தம் கருத்துக்குப் பணிகொண்ட செயலாம்.

தடுத்தாட்கொண்ட புராணத்தை முதற்கண் எடுத்துக்கொள்க. நம்பியாரூரர்க்குப் புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியார் திருமகளார் பேசப்படுகின்றார். மணவோலை செல்கின்றது, மகட்கொடுப்போர் வேண்டுவன இயற்றுகின்றனர், மணநாளுக்கு முன்னாள் முரசு முழங்க நம்பிக்குக் காப்பு நாண் கட்டுகின்றனர். மறுநாள் அரசத் திருவும் வைதிகத் திருவும் ஒருங்கு பொலியக் குதிரைமீது அவர் புத்தூர் அணைகின்றார். ஊர் முழுதும் விழாக் கொள்கின்றது. அந்நிலையிற் குடையும் தண்டும் தாங்கிய ஒரு முதிய அந்தணர் பந்தரினுள் வந்து, தம்மிடத்தும் ஓர் ஓலை உளது என்கின்றார்.

ஓலை என்னும் இச்சொல்லையே உற்று நோக்குக. அவ்வீட்டார் எத்தனையோ ஓலைகளை எங்கெங்கும் போக்கினர்; தாம் போக்காத ஓலை ஒன்று அவரிடம் வந்து சேர்ந்தது. முன்னவை மணவோலை, பின்னது ஆளோலை. முன்னவற்றின் ஆரவாரத்தைக் கேளாதார்க்குப் பின்னதன் வன்மை புலனாகாது. மணவோலை போக்கிய விருத்தத்தைத் தள்ளிவிட்டு ஆளோலை காட்டிய விருத்தத்தை மட்டும் ஓதுவார், தராசின் ஒரு தட்டை நீக்கி மற்றொரு தட்டினால் நிறை காண்பாரை ஒப்பர்.

மணம் நின்றது, ஆயின் ஆயத்தம் வீணாயிற்றோ எனின், ஆகவில்லை. நம்பிகள் திருவாரூர் அடைந்த காலத்துப் பெருமான் தம்மைத் தோழமையாக அவர்க்கு அளித்து, முன்பு தடுத்தாண்ட நாளிற் கொண்டிருந்த மணக்கோலத்தையே என்றும் கொண்டு வாழ்க என்று பணித்தருளியதாகச் சேக்கிழார் கூறுகின்றார். புத்தூரிற் கலைந்தது மணம், மணக்கோலம் கலையவில்லை. ஒரு நாளைக்கென்று சுற்றத்தார் புனைந்த கோலம் வாழ்நாட் கோலமாயிற்று. திருநாவலூரில் அவர்க்குச் சாந்து பூசி மாலை சூட்டிய கைகள், தாம் செய்வது இன்னது என்று அறியாமலே, தம்பிரான் தோழரின் திருக்கோலத்தை அமைத்தன. புனைந்த விருத்தங்களைத் தாண்டி ஓதுவார் இத் திருவாரூர்க் கட்டளையின் சுவையை எங்ஙனம் உணர்வர்?

அடுத்து மானக்கஞ்சாற நாயனார் புராணம். நெடுங்காலம் மகப்பேறின்றி வருந்தி, அருளாற் பெற்ற ஒரே மகளாரை ஏயர்கோன் கலிக்காமருக்கு நேர்ந்தார் நாயனார். மணநாளும் வந்தது. மணமகனார் ஊரை அணையுமுன்னே மாவிரதியர் ஒருவர் அங்கே வந்து, இங்கு நிகழும் மங்கலம் யாது என வினவி, மணம் என்றறிந்து வாழ்த்தினார். மகளை அழைத்து வணங்குவித்தார் தந்தையார். வந்தவரோ குனிந்தெழுந்த பெண்ணின் கூந்தலைக் கண்டு, அது தமது பஞ்சவடிக்கு ஆகும் என்றார்.

கூந்தல் என்று கேட்டதிற் கருத்துளது. மணமகளின் கோலம் முழுவதும் அக்காலையிற் கூந்தலிலேயே வந்து முடிகின்றது. நெய்யும் நறுமணமும் பூவும் பொன்னும் அதன்மேல் ஏறுகின்றன. மகளிர் பலர் நெடும்பொழுது வருந்துவதும் அதன்பொருட்டே. பொன்னைக் கேட்டிருப்பின் நாயனார் எளிதின் ஈவர். மீண்டும் தேடலும் கூடும். மணமகன் வாயிலை நெருங்கும் நேரத்திற் கூந்தல் போயின் மங்கலமே போயிற்று என்பர் உலகத்தார். நாயனார் ஒன்றும் ஆராயாது வாளெடுத்து அடியில் அரிந்து நீட்டினார். ஆயத்தத்தின் உச்சி எதுவோ அதுவே காணிக்கையாயிற்று. பெருமான் வெளிப்பட்டருளிக் கூந்தலையும் வளரச் செய்தார். பின்னர் வந்த கலிக்காமர் அந்நிகழ்ச்சியைக் கேட்டு மகிழ்ந்தும், காணப்பெறாமைக்கு மனந் தளர்ந்தும், திருவருள் வாக்கைக் கேட்டுத் தேறியும் மணம் புரிந்தனர். வீட்டார் நெருக்கடியிற் பிந்தி வந்த விருந்தினர் வருந்துவது உலகியல்பு. ஈண்டு மணமகனே பிந்தி வந்த விருந்தினர்போல் வருந்தினார்.

மூன்றாவது, ஆயத்தமே நிகழாத ஒரு மணம். திருவாமூரிற் புகழனார், மாதினியார் ஆகியோர்க்குத் திருமகளாய்த் தோன்றிய திலகவதியாரைக் கலிப்பகையாருக்கு மணம் பேசி இசைந்தனர். நாள் குறிக்குமுன் கலிப்பகையார் அரசன் ஏவலால் வடபுலத்துப் போர்மேற் சென்றார். இடையிற் புகழனார் நோயுற்று மறைந்தார். மாதினியாரும் அவருடன் சென்றார். பின்னர்க் கலிப்பகையாரும் போரில் உயிர் துறந்த செய்தி வந்தது. இங்கே பந்தரும் இல்லை, பாலிகையும் இல்லை. சேக்கிழார் ஒரு தோரணமும் கட்டவில்லை. மற்றை இடங்களில் வளஞ்சுரந்த அவர் வாக்கு இங்கே வறண்டு நிற்றலை, முன்னவற்றை முற்ற ஓதினாரே உணர வல்லார். உயிர்விடத் துணிந்த அம்மையார் தம்பியின் பொருட்டு உயிர் தாங்கினார். பொன்னும் மணியும் பூணாராயினார்.

ஆயின் சரிதம் அங்கு முடியவில்லை. திருவதிகை வீரட்டானத்தில் அம்மையார் செய்த பணிகளை எண்ணுக: விடியுமுன் அலகிட்டுத் துடைத்தல், ஆனின் சாணத்தால் மெழுகுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல். இவை யாவை? மணவீட்டில் மங்கலமகளிர் செய்யும் பணிகளே இவை. தம் இல்லத்தில் ஒருமுறையும் நிகழாத மணவினை ஆயத்தத்தை அவ்வம்மையார் இறைவன் திருமுற்றத்தில் நாடோறும் நிகழ்த்தினார். அப்பணியிலிருந்து எழுந்த வேண்டுகோளே மருணீக்கியாரைத் திருநாவுக்கரசராக்கிச் சைவத்துக்கு மீட்டது.

நான்காவது, திருநல்லூர்ப் பெருமணம். 1,256 விருத்தங்களால் அமைந்த திருஞானசம்பந்தர் புராணத்தின் இறுதியில் இது வருகின்றது. மணநாள் ஓலை போகின்றது; முளைப்பாலிகை விதைக்கின்றனர்; காழி வீதியெங்கும் நிறைகுடமும் விளக்கும் தோரணமும் நிறைகின்றன; நல்லூரில் நம்பாண்டார் நம்பியின் இல்லமும் அவ்வாறே பொலிகின்றது. திருநீற்றை அணிகளுக்கெல்லாம் மேலான அணியாகச் சாத்திப் பிள்ளையார் முத்துச் சிவிகையில் எழுந்தருளுகின்றார். தீவலம் வருங்கால், அங்கியாவார் சிவபெருமானே என்று தெளிந்து, திருப்பெருமணக் கோயிலை நோக்கி நடக்கின்றார். சோதி தோன்றுகின்றது, மணத்துக்கு வந்தார் யாவரும் அதனுள் வருக என்னும் அருள்வாக்கும் எழுகின்றது.

அச்சோதியிற் புக்கார் யார் யார் எனச் சேக்கிழார் அடைவே சொல்லும் இடமே இவ்வாராய்ச்சிக்கு முடிமணியாவது. திருநீலநக்கர், முருகர், நீலகண்ட யாழ்ப்பாணர் முதலிய பெரியோரைக் கூறியதனோடு அவர் அமையவில்லை. சிவிகை தாங்கினோரையும், மங்கலப் பொருள்களைச் சுமந்து பணி செய்தோரையும், ஏவலரையும் எடுத்துக் கூறுகின்றார். மணவீட்டு இரைச்சலிற் பெயர் கேட்கப்படாத அவர்கள் முன்னை விருத்தங்களில் ஓடியாடித் திரிந்தவர்கள். அவர்கள் சுமந்த சுமையை ஓதாது விடுத்தார்க்கு, அவர்கள் பெற்ற வீடு திடுமென வந்ததாகத் தோன்றும். ஓதினார்க்குப் பணியின் பயன் என்பது புலனாகும்.

இனிக் குறை யாதுமில்லையோ எனின், நடுநின்று நோக்குவார் இரண்டு கூறலாம். பெருமண ஊர்வலத்தைப் பாடும் விருத்தங்களிற் சில, அரசன் உலாவுக்கும் அவ்வாறே பொருந்துவன; அவ்விடத்து மரபு புலவரைச் சிறிது இழுத்துச் சென்றது எனல் தகும். மற்றொன்று புத்தூர்ப் பெண்ணைப் பற்றியது. காப்புக் கட்டிய மணம் பந்தரில் நின்றபொழுது அவ்வீட்டார் பட்ட துயரம் சிறிதன்று. அவர் நம்பியையே நினைந்திருந்து எளிதிற் சிவலோகம் எய்தினார் என்று சேக்கிழார் மறவாது கூறினார். ஆயினும் மிகச் சுருங்கக் கூறினார். கவியின் வேகம் நம்பியாரூரரைப் பின்பற்றி வெண்ணெய்நல்லூர்க்கு ஓடிவிட்டது. அவ்வம்மையாரின் உள்ளத்தை இன்னுஞ் சிறிது நின்று காட்டியிருப்பின், திலகவதியார் சரிதத்தில் உருகும் நெஞ்சம் ஈண்டும் உருகியிருக்கும். இக்குறையும் ஆயத்தத்தை விரித்ததனால் வந்ததன்று. விரித்த வீட்டை விரைவில் விட்டு நீங்கியதனால் வந்தது.

மேற்கூறிய நான்கினையும் ஒருங்கு வைத்து நோக்கின் சேக்கிழார் கருத்து விளங்கும். மணவினை ஆயத்தத்தை அவர் இகழவில்லை. அதனைப் பசு காரியம் என்று ஒதுக்கவுமில்லை. அலகிடலும் மெழுகலும் மாலை தொடுத்தலும் சுமை சுமத்தலும் தம்மளவில் உயர்ந்தனவுமல்ல, தாழ்ந்தனவுமல்ல. அவை எவர்க்கு நேரப்படுகின்றன என்பதனாலேயே அவற்றின் தன்மை வேறாகின்றது. மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டிற் சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரத்தில் இறைபணி நிற்றல் என வகுத்ததனை, அதற்கு முன்னரே சேக்கிழார் பந்தரிலும் மடைப்பள்ளியிலும் வைத்துக் காட்டினார்.

புத்தூரிலும் கஞ்சாறூரிலும் இறைவன் வந்த வேளையை எண்ணுக. ஓய்ந்திருந்த வேளையில் அவன் வரவில்லை. ஒருவர்க்கும் ஒழிவில்லாத வேளையில் வந்தான். மாவிரதியர் வந்தபோது மணவீட்டில் எத்தனையோ காரியம் எஞ்சியிருந்திருக்கும். பின்னர் வருக என்று சொல்ல நாயனார்க்கு நூறு காரணம் இருந்தன. அவர் ஒன்றையும் சொல்லவில்லை. முளை விதைத்த வாரத்தில் வாயிலில் வந்து நிற்கும் அடியார்க்கு ஒருபிடி சோறும் ஒரு சொல்லும் ஈதற்கு ஒழிவில்லை என்னும் இல்லத்தார், அவ்வாரத்தில் ஓரிரவேனும் மானக்கஞ்சாற நாயனார் புராணத்தை வீட்டில் ஓதுவிப்பது நன்று. ஓதுவோரும், பந்தரும் தோரணமும் வரும் விருத்தங்களைத் தாண்டாது ஓதுக. கேட்போர் தம் வீட்டுப் பந்தரையே அதனுட் காண்பர். வாயிலை நோக்கவும் கற்பர்.