பால் வற்றவில்லை, வால்வு போச்சு

பிராவுக்குள் பொருத்திவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்கும் தாய்ப்பால் பம்ப் இது. கம்பெனி பெயர் வேண்டாம். இந்த ரகத்துப் பம்புகள் ஆன்லைனில் வரிசைகட்டி நிற்கின்றன. மேல்மூடியின் நிறம்தான் மாறுகிறதே தவிர உள்ளே பெரிய வித்தியாசம் கிடையாது. ஒன்றைச் சொன்னால் பலவற்றுக்கும் பொருந்தும். மூன்று மோட், ஒன்பது லெவல், யுஎஸ்பி-சி சார்ஜிங், ஃபோனில் ஓர் ஆப். மிச்ச விவரம் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறது. லெவலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: ஐந்துக்கு மேல் போனால் வலிதான் கூடும், பால் கூடாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஐனார் எக்னெல் 1956-இல் கொண்டுவந்த மின்சார பம்ப், ஆஸ்பத்திரியில் வைத்து ஓட்டுகிற பெட்டி. அதன் பிறகு வீட்டுக்கு வந்த பம்புகளுக்கும் ஒயர், குழாய், பக்கத்தில் ஒரு ப்ளக் பாயிண்ட் எல்லாம் வேண்டியிருந்தது. பம்ப் சட்டைக்குள் நுழைய 2017, 2018 வரை ஆயிற்று. அமெரிக்காவின் வில்லோ, அடுத்து பிரிட்டனின் எல்வி. எல்வி வந்த புதிதில் ஒரு மாடல் அதை அணிந்தபடியே லண்டன் ஃபேஷன் வாரத்தில் நடந்து காட்டினார். அவர் நடக்கட்டும். சோழிங்கநல்லூர் சிக்னலில் நகராத கேபுக்குள் உட்கார்ந்து, துப்பட்டாவை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் ஒரு வேளைப் பாலை எடுத்து முடிப்பது அதைவிடப் பெரிய சாதனை. டிரைவருக்கு எஃப்எம் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. மீட்டிங்கில் ஃபோன் வைப்ரேட்டில் கிடப்பதுபோல மெல்ல உறுமும், மைக்கை மியூட்டில் போட்டால் தீர்ந்தது. குனியக் கூடாது, அவ்வளவுதான். தரையில் விழுந்த ஐடி கார்டை எடுக்கக் குனிந்தால் குர்தா நனைந்துவிடும்.

இந்தச் சுதந்திரத்துக்காகவே வாங்கலாம் என்று முதல் மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓரளவு நல்ல ஃபோன் வாங்குகிற பணம் இது. அந்த ஃபோனைவிட அதிகமாக உழைத்தது.

பிறகு அளவு குறைய ஆரம்பித்தது. ஒரேயடியாக நின்றிருந்தால் எல்லோருக்கும் எந்திரத்தின் மேல்தான் சந்தேகம் வந்திருக்கும். இது அப்படிக் குறையவில்லை. காலையில் இரண்டு பக்கமும் சேர்த்து 120 மில்லி வந்துகொண்டிருந்தது 110 ஆயிற்று. சில நாளில் 90. அப்புறம் 70. மோட்டார் அதே சுருதியில் ஓடுகிறது. பச்சை விளக்கு எரிகிறது. ஆப்பில் லெவல் ஐந்து என்று காட்டுகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது, பாலைத் தவிர.

வீட்டில் தீர்ப்பு உடனே வந்துவிட்டது. "வேலைக்குப் போக ஆரம்பிச்சா வத்தத்தானேம்மா செய்யும், அங்க எவ்ளோ டென்ஷன்" என்றார் அத்தை, பரிவோடுதான். அம்மா ஃபோனில் பூண்டை நெய்யில் வதக்கச் சொன்னாள். கீழ்வீட்டு அக்கா பால்சுறா வாங்கிப் புட்டு செய்து டப்பாவில் கொடுத்தனுப்பினார். ருசியைக் குறை சொல்ல மாட்டேன். கணவர் எதுவும் சொல்லாமல் ஃபோனில் பவுடர் பால் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் எல்லோரையும்விட எனக்கு எரிச்சல் மூட்டியது அந்த ஆப். இறங்குமுகமாக ஒரு கோடு போட்டுக் காட்டி, அதன் கீழே அறிவுரை சொன்னது: நிறையத் தண்ணீர் குடியுங்கள், மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகத் தூங்குங்கள். ஆறு மாதக் குழந்தை இருக்கிற வீட்டில் தூங்கச் சொல்கிற ஆப்! எந்திரத்தில் ஏதாவது கோளாறா பாருங்கள் என்று ஒரு வரி இல்லை. கம்பெனியைப் பொறுத்தவரை பழுதாகக்கூடிய பாகம் ஒன்றே ஒன்றுதான், அது நான்.

ஆனால் கணக்கு இடித்தது. ராத்திரி நேரடியாகக் குடிக்கும்போது குழந்தை மடக் மடக்கென்று விழுங்குவது கேட்கிறது. நாளைக்கு ஆறேழு தடவை துணி நனைகிறது. எடை ஏறுகிறது. பால் இல்லாத இடத்தில் இதெல்லாம் நடக்காது. ஒருநாள் ஆபீஸில் பம்ப் 'செஷன் முடிந்தது' என்று சொன்ன பிறகு, எவர்சில்வர் டம்ளரை வைத்துக்கொண்டு கையாலேயே பீய்ச்சிப் பார்த்தேன். இன்னொரு 40 மில்லி வந்தது. பால் இருக்கிறது, எந்திரத்துக்குத்தான் எடுக்கத் தெரியவில்லை.

குற்றவாளி டக்பில் வால்வு. சுண்டுவிரல் நுனியளவு சிலிக்கோன் துண்டு, அடியில் மெல்லிய கீறல். மோட்டார் இழுக்கும்போது அந்தக் கீறல் இறுக மூடிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மார்பைச் சுற்றி வெற்றிடம் உண்டாகிப் பால் இறங்கும். இழுப்பு தளரும்போது கீறல் திறந்து, சேர்ந்த பாலைக் கிண்ணத்தில் விட வேண்டும். நிமிஷத்துக்குச் சுமார் ஐம்பது அறுபது தடவை இந்தத் திறந்து மூடுகிற வேலை. ஒவ்வொரு தடவை எடுத்த பிறகும் சோப்புத் தண்ணீர், தினமும் கொதிநீர், இதற்கு நடுவில் உள்ளே அழுக்கு இருக்குமோ என்று பாட்டில் பிரஷ்ஷை விட்டுக் குடைவது வேறு. சிலிக்கோன் தொய்ந்துவிடுகிறது. கீறல் கொஞ்சமாக வாய் பிளக்கிறது. மோட்டார் முழு பலத்தோடு இழுத்தாலும் பாதி இழுப்பு அந்த ஓட்டை வழியாகப் போய்விடுகிறது. மோட்டாருக்கு அது தெரியாது, அதனால் ஆப்புக்கும் தெரியாது.

இது வெறும் உதிரிபாகப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். மார்பில் பால் தேங்கினால் இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்பு உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். தொய்ந்த வால்வோடு பல வாரம் ஓட்டினால் பால் நிஜமாகவே குறைந்துவிடும். பொய்யாக ஆரம்பித்த புகார் மெய்யாகிவிடும். அந்த நேரத்தில் பவுடர் பால் டப்பா வீட்டுக்குள் வந்து, குழந்தை மார்பில் குடிப்பதும் குறைந்தால் அப்புறம் மீட்பது பெரும்பாடு. வேலைக்குத் திரும்பின இரண்டு மூன்று மாதத்தில் 'எனக்கு வத்திடுச்சு' என்று சொன்ன எத்தனை பேரைத் தெரியும் எனக்கு! அதில் எத்தனை பேருக்கு வால்வு போயிருந்ததோ.

சோதிப்பது சுலபம். வால்வைக் கழற்றி நன்றாக உலரவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். அழுத்தாமலே கீறலின் இடைவெளி தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. கழுவும்போது பிரஷ்ஷோ விரலோ உள்ளே போகக் கூடாது. சோப்புத் தண்ணீரில் அலசி, ஓடுகிற தண்ணீரில் காட்டினால் போதும். தினமும் மூன்று நான்கு தடவை எடுக்கிறவர்கள் மாதத்துக்கு ஒன்று, கூடிப்போனால் இரண்டு மாதத்துக்கு ஒன்று மாற்றிவிட வேண்டும்.

மாற்றலாம், கிடைத்தால். நாற்பது பக்கக் கையேட்டில் வால்வுக்குப் படம் இருக்கிறது, அம்புக்குறி இருக்கிறது, எப்போது மாற்ற வேண்டும் என்று ஒரு வாக்கியம் இல்லை. பெட்டியில் உபரி வால்வு ஒன்றுகூட வைக்கவில்லை. உதிரிபாகங்கள் பக்கத்துக்குப் போனால் 'ஸ்டாக் இல்லை'. வாடிக்கையாளர் சேவையில் என் கேள்விக்குப் பதில், முதலில் பால் சுரப்பதற்கான குறிப்புகள். இரண்டாவது தடவை கேட்டதற்கு, முழு கிட்டாக வாங்கிக்கொள்ளுங்கள் மேடம் என்று ஒரு லிங்க். பம்ப் விலையில் ஏறத்தாழ பாதி. கடைசியில் தி.நகரில் குழந்தைச் சாமான் கடை ஒன்றில் வேறொரு கம்பெனியின் வால்வு கிடைத்தது. இருநூறு சொச்சம் ரூபாய். கொஞ்சம் அழுத்திப் பொருத்த வேண்டியிருந்தது. மறுநாள் காலை 110 மில்லி. ஆப் என்னைப் பாராட்டியது. தண்ணீர் நிறையக் குடித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டது போல.

இதே கம்பெனி, மார்பில் வைக்கிற புனலுக்குள் போடுகிற இன்செர்ட்டுகளை மட்டும் விதவிதமாக விற்கிறது. அதற்கும் காரணம் உண்டு. பெட்டியில் வருவது 24, 28 மில்லிமீட்டர் புனல். நிறையப் பேருக்கு இது பெரிது, 17-லிருந்து 21-க்குள் தேவைப்படும். முலைக்காம்பின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துவிட்டுத்தான் புனல் அளவை முடிவு செய்ய வேண்டும். பெரிய புனலில் சுற்றியுள்ள கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டு வீங்கும், வலிக்கும், பாலும் சரியாக இறங்காது. செருப்பை எல்லோருக்கும் ஒரே அளவில் பெட்டியில் போட்டு அனுப்ப யாருக்காவது துணிச்சல் வருமா?

பம்ப் இவ்வளவு முக்கியமாவதற்கு நம் விடுப்புக் கணக்கும் காரணம். மகப்பேறு சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு. அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் மிச்சம் 18 வாரம், அதாவது நாலு மாதக் குழந்தையை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயதுக்கு மேலும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுவில் விழுகிற பள்ளத்தை நிரப்புவது இந்தப் பிளாஸ்டிக் கிண்ணம்தான். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021-லிருந்து ஒரு வருஷ விடுப்பு; ஐடி காரிடாரில் இதைச் சொன்னால் பெருமூச்சுதான் பதில். சட்டம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை தரச் சொல்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வைக்கச் சொல்கிறது. காப்பகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பம்ப்புக்கு இவ்வளவு வேலையே இல்லை. எங்கள் ஆபீஸில் இருப்பது ஒரு அறை, ஒரு நாற்காலி, அட்மினிடம் கேட்டு வாங்க வேண்டிய ஒரு சாவி. சாவியைக் கேட்டு வாங்குகிற கூச்சத்தில் ஓர் இடைவேளை போய்விடுகிறது. அதனால்தான் சட்டைக்குள் போகிற பம்ப்பின் மேல் எனக்கு இன்னும் கோபம் முழுசாக வரவில்லை.

எடுத்த பாலை வைப்பது பற்றி ஓர் எச்சரிக்கை. வெளியில் நாலு மணி நேரம் தாங்கும் என்று கையேடு சொல்வது 25 டிகிரி வரை உள்ள அறைக்கு. சென்னையில் ஏசி இல்லாத இடத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஐஸ் பேக் போட்ட பையில் ஒரு நாள், ஃப்ரிட்ஜில் நாலு நாள். ஆபீஸ் பேன்ட்ரி ஃப்ரிட்ஜில் வைத்தால் பெயர், தேதி எழுதி ஒட்டுங்கள். காபிக்குப் பால் தேடி வருகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, ஆப்பை நம்பி எதையும் வாங்காதீர்கள். அந்த ஃபேஷன் வார எல்வி கம்பெனியே 2025-இல் திவாலாகி, போட்டிக்காரரான வில்லோவிடம் போய்ச் சேர்ந்தது. பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால், பெயர் தெரியாத கம்பெனியின் ஆப் நாளைக்குத் திறக்குமா என்று யார் உத்தரவாதம் தருவது? எந்திரத்தின் மேலேயே பொத்தான் இருக்கிறதா, ஃபோன் இல்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கேட்பவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். ஒரே ஒரு பம்ப் வாங்குவதாக இருந்தால் இது வேண்டாம். குழாய் வைத்த சாதாரண இரட்டை பம்ப் வாங்குங்கள். அழகாக இருக்காது, ஆனால் பால் இறங்குவது கண்ணுக்குத் தெரியும், வால்வு பல கடைகளில் கிடைக்கும். பணம் இருந்து, கேபிலும் மீட்டிங்கிலும் எடுக்க இரண்டாவதாக ஒன்று வேண்டுமென்றால் இதை வாங்கலாம். கார்ட்டில் போடுவதற்கு முன் அந்தக் கம்பெனியின் உதிரிபாகப் பக்கத்தைத் திறந்து, டக்பில் வால்வு தனியாக விற்பனைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பம்ப்போடு சேர்த்து நாலு வால்வு. இல்லையென்றால் அடுத்த கம்பெனி.