கட்டற்ற வலைத்தளங்களும் கட்டுண்ட மக்களும்

தம் அந்தரங்கம் விலைப்பொருளாவதை எவரும் விரும்புவதில்லை. ஆயினும் பேஸ்புக்கை விட்டு வெளியேறுவோர் சிலரே. இம்முரண்பாடு ஆராயத்தக்கது.

2010-ஆம் ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் நால்வர், பயனரின் தரவைப் பயனர் கையிலேயே விட்டுவைக்கும் 'டயஸ்போரா' வலைத்தளத்தை அமைக்க முற்பட்டனர். அவர்கள் வேண்டியது 10,000 டாலர். பொதுமக்கள் வழங்கியதோ 200,000 டாலருக்கும் மேல். ஆர்வத்திற்குக் குறைவில்லை, மூலநிரலும் எவரும் காணத் திறந்தே இருந்தது. எனினும் 2012-இல் அதனைத் தன்னார்வலரிடம் ஒப்படைத்தனர். 2016-இல் ஜெர்மனியில் தோன்றிய 'மாஸ்டடான்', டுவிட்டர் கைமாறிய 2022-இல் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஈர்த்தது. அடுத்த ஆண்டிலேயே அவர்களுள் பலர் விலகினர்.

தொழில்நுட்பக் குறைகள் இல்லாமலில்லை. மாஸ்டடானில் தனிமடல்களையும் சேவையக நிருவாகி காண இயலும். ஆனால் மக்களைப் பழைய இடத்தில் பிணித்து வைப்பது உறவே. நண்பரும் சுற்றமும் இல்லாத தூய மாளிகையினும், அவர்கள் கூடும் இரைச்சல் மிகுந்த சந்தையே மனிதனுக்கு உவப்பாகிறது.

மின்னஞ்சலை நோக்குவோம். வெவ்வேறு நிறுவனத்தாரிடம் கணக்கு வைத்திருப்போரும் தமக்குள் எழுதிக்கொள்ள முடிகிறது. 2018-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்ற 'ஆக்டிவிட்டிபப்' நெறிமுறை, சமூக வலைத்தளங்களுக்கும் இவ்வழியைக் காட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய சட்டமோ, பெரிய செய்திச் செயலிகளுக்கு மட்டும் இத்தகைய கடமையை விதித்து, சமூக வலைத்தளங்களை விட்டுவிட்டது. அங்கேதான் குறை.

உறவை இழக்காமல் வெளியேறும் உரிமையைச் சட்டம் வழங்கும்வரை, கட்டற்ற வலைத்தளங்கள் சிலருக்குப் புகலிடமாகுமேயன்றி, பெருநிறுவனங்களுக்குப் போட்டியாக மாட்டா.