சத்தம் ஆகாதவர்களுக்கு எந்த இசை?

இரவில் வாசித்தால் அக்கம்பக்கத்தாரின் தூக்கம் கெடக்கூடாது என்று ஜெர்மானியப் பியானோ கலைஞர் நீல்ஸ் ஃப்ராம் தந்திகளின்மேல் ஃபெல்ட் துணியை வைத்தார். மைக்கைத் தந்திகளுக்கு வெகு அருகில் கொண்டுபோய்ப் பதிவு செய்தார். 2011இல் வந்த அந்தத் தொகுப்பின் பெயரும் ‘ஃபெல்ட்’தான். சுரங்கள் மழுங்கி, மிருதுவாக வருகின்றன. கூடவே அவர் மூச்சு, சுத்தியல் எழுந்து விழும் டொக்டொக், கட்டையின் முனகல் எல்லாம் காதோரம் வந்து நிற்கின்றன. பலருக்கு இந்த நெருக்கம்தான் அதன் அழகு. அடுத்தவர் மூச்சு விடுவதும் மெல்லுவதும் கேட்டாலே உள்ளுக்குள் கொதித்துப்போகும் மிசோஃபோனியாக்காரருக்கோ இது தண்டனை. ‘ரொம்ப மெதுவான இசை, கேட்டுப் பாருங்கள்’ என்று நல்லெண்ணத்தோடு சிபாரிசு செய்கிறவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

சத்தம் ஆகாது என்பது ஒரே கோளாறு அல்ல. மிசோஃபோனியா என்ற பெயரை ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதியர் 2001இல் வைத்தார்கள். அதில் சத்தத்தின் அளவு பொருட்டே அல்ல. எந்தச் சத்தம் என்பதே பிரச்சினை. ஹைப்பராக்யூசிஸ் வேறு. சாதாரணக் காது தாங்கும் ஒலி அதில் தாங்காது. அதையும் 2014இல் ரிச்சர்ட் டைலர் குழுவினர் நான்காகப் பிரித்தார்கள்: ஒலி மிகப் பெரிதாகக் கேட்பது, எரிச்சல் மூட்டுவது, அச்சம் தருவது, வலிப்பது. ஒற்றைத் தலைவலி வந்த நேரத்தில் மட்டும் காது கூசுகிறவர்களும் உண்டு. ஒரே இசைத்தட்டு இத்தனை பேருக்கும் பொருந்தாது.

அளப்பதற்கு எண்கள் இருக்கின்றன. அவை பாதி தூரம்தான் வரும். ஸ்பாட்டிஃபை பாட்டுகளின் சராசரி ஒலியளவை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) என்ற மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. பல பாட்டுகளைக் கலந்த பட்டியலில், கலைஞர் வேண்டுமென்றே மெலிதாக விட்ட பதிவையும் இடமிருந்தால் தூக்கிவிடுகிறது. சராசரி சமமானாலும் திடீரென்று எழும் ஒரு மணியோசை சராசரியில் தெரியாது. மனிதக் காது கூர்மையாக இருப்பது ஏறத்தாழ 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. ஆகவே நான் பார்ப்பது மூன்று: சுரம் எப்படித் தொடங்குகிறது, அந்தக் கூரான பகுதியில் எவ்வளவு இருக்கிறது, அடுத்து வருவதை முன்கூட்டியே ஊகிக்க முடிகிறதா.

சூழலோடு கலந்து பின்னணியில் ஒலிக்கும் ஆம்பியன்ட் இசை என்றதும் நினைவுக்கு வரும் பிரையன் ஈனோவின் கதையே படுக்கையில்தான் தொடங்குகிறது. 1975இல் விபத்தில் அடிபட்டுக் கிடந்தவர், யாழிசைத் தட்டு ஒன்று மிகக் குறைந்த ஒலியில் ஓடியதை எழுந்துபோய்க் கூட்ட முடியாமல் அப்படியே கேட்டிருக்கிறார். பிறகு வந்த ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ தொகுப்பில் நான்கு பகுதிகள். இரண்டாவது பகுதி வெறும் குரல்கள். ஒவ்வொரு குரலும் தனி டேப் வளையம். வளையங்களின் நீளம் வேறு வேறு என்பதால் ஒரே சேர்க்கை மறுபடி வர வெகுநேரம் ஆகும். குரல் படிப்படியாக எழுந்து படிப்படியாக அடங்குகிறது, முனை இல்லை. முதல் பகுதியில் ராபர்ட் வயட்டின் பியானோ. அழகுதான், ஆனால் பியானோவின் தொடக்கம் எப்போதுமே ஒரு தட்டல். காது வலிக்கும் வகையினர் இரண்டாவதிலிருந்து தொடங்குவது மேல்.

ஜப்பானின் ஹிரோஷி யோஷிமுரா 1986இல் தந்த ‘கிரீன்’ இன்னொரு பாடம். அமெரிக்கச் சந்தைக்காக அதில் பறவை, நீர் ஓசைகளைச் சேர்த்து ஒரு வடிவம் வந்தது. அவர் விரும்பிய மூல வடிவம் 2020 மறுபதிப்பில் கிடைக்கிறது. இயற்கை ஒலி என்றாலே இதம் என்று யார் சொன்னார்களோ! பறவைக் கீச்சு விழுவது காதின் கூரான பகுதியில்தான். வாங்குவதற்குமுன் எந்த வடிவம் என்று பார்த்துவிடுங்கள். மூலத்திலும் சிந்தசைசரின் மணிச்சுரங்கள் சற்றுக் கூரானவை.

எனக்குப் பிடித்தது பிரெஞ்சுக் கலைஞர் எலியான் ராடிக். ‘ஆர்ப் 2500’ சிந்தசைசரில் செய்த ‘ட்ரிலொஜி டெ லா மோர்’ ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடுகிறது. மாற்றம் நடக்கிறது; எப்போது நடந்தது என்று சொல்ல முடிவதில்லை. நம் தம்புராவும் ஓயாத ஒலிதான், ஆனால் தந்திகளைத் தாங்கும் குதிரையில் நூல் செருகி ஜீவா கூட்டும்போது மேல்சுரங்கள் மினுங்குகின்றன. காது கூசுபவருக்கு அந்த மினுக்கமே தொந்தரவு. ராடிக்கிடம் அது குறைவு. குறை ஒன்று உண்டு: அடிச்சுரங்கள் கைப்பேசி ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும். ஸ்டீவ் ரோச்சின் ‘ஸ்ட்ரக்சர்ஸ் ஃப்ரம் சைலன்ஸ்’ (1984) சிறிய ஸ்பீக்கரிலும் தாக்குப்பிடிக்கும். அதன் தலைப்புப் பகுதி அரைமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அலைபோல் ஏறி இறங்குவது தவிர அதில் அதிர்ச்சி எதுவும் கிடையாது.

தள்ளி நிற்க வேண்டியவை: டிம் ஹெக்கரின் ‘ரேவ்டெத், 1972’ ஆம்பியன்ட் அலமாரியில்தான் இருக்கும், உள்ளே ஆர்கன் ஒலி இரைச்சலாக உடைகிறது. சகாமோட்டோவும் ஆல்வா நோட்டோவும் சேர்ந்த ‘வ்ரியூன்’ தொகுப்பில் பியானோவுக்கு நடுவே ஊசி முனை போன்ற மின்னணுக் க்ளிக்குகள். உயர்ந்த இசை, சந்தேகமில்லை. சத்தம் ஆகாதவருக்கு அல்ல.

மருத்துவப் பெருமை பேசும் இசையிடமும் எச்சரிக்கை தேவை. மார்க்கோனி யூனியன் இசைக்குழுவின் ‘வெயிட்லெஸ்’ (2011) ஒலிச் சிகிச்சையாளர்களோடு சேர்ந்து செய்யப்பட்டது. தாளம் நிமிடத்துக்கு 60இலிருந்து 50க்கு இறங்குகிறது. பதற்றத்தைத் தணிப்பதில் இதற்கு நிகரில்லை என்ற விளம்பரம் உலகம் சுற்றியது. கேட்டால் ஆழ்ந்த அடித்துடிப்பு ஒன்று நெஞ்சில் இடிக்கிறது. அதையே தாங்காதவர்கள் இருக்கிறார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் காதை அடைத்துக்கொள்வதும் தீர்வாகாது. 2003இல் கிரேக் ஃபார்ம்பி குழுவினர் செய்த சோதனையில் இரண்டு வாரம் காதடைப்பான் அணிந்தவர்களுக்குக் கூச்சம் கூடியது. மெல்லிய இரைச்சல் தரும் கருவி அணிந்தவர்களுக்குக் குறைந்தது. அந்த மெல்லிய ஒலியின் வேலையை ரோச்சோ ராடிக்கோ ஓரளவு செய்யலாம் என்பது என் கணிப்பு. அறைக்கு மறுகோடியில் ஸ்பீக்கர், பேச்சைவிடத் தணிந்த வால்யூம், ஹெட்ஃபோன் வேண்டாம். முக்கியமாக, செயலியின் தானியங்கித் தொடர்ச்சியை நிறுத்திவிடுங்கள்; இலவசக் கணக்கு என்றால் விளம்பரம் எந்த நொடியிலும் குதிக்கும். தொகுப்பை விலைக்கு வாங்கித் தரவிறக்கி வைத்துக்கொள்வது உத்தமம்.