நூறு சதவீதத்தில் விடுபட்டவர்கள்

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு ஃப்ளெக்ஸ் பேனர்கள் ஏறிவிடும். இரண்டும் அரசுப் பள்ளிகளுடையவை. ஒரு வாரத்துக்கு டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் இதே பேச்சுதான்: "அங்க நூறு, இங்க தொண்ணூறு." பிள்ளையை ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்பதைப் பல வீடுகளில் அந்த ஒரு வாரமே முடிவு செய்துவிடுகிறது.

ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2017இல் தமிழக அரசு மாணவர்களுக்கான ரேங்க் பட்டியலை நிறுத்தியது நல்ல காரியம். அது பிள்ளைகளின் தோளில் இருந்த சுமை. பள்ளியின் தேர்ச்சி விகிதம் அப்படியல்ல. கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாகவே கிடக்கும் பள்ளியில், தேர்ச்சி சரிந்த பிறகுதான் பெற்றோர் மனுவோடு மாவட்ட அலுவலகம் போகிறார்கள். அந்த எண் இல்லாவிட்டால் எதைக் காட்டி அவர்கள் கேட்பார்கள்?

ஆனால் சிற்றூர்ப் பள்ளிகளில் அந்த எண் நிலையாக நிற்பதில்லை. 25 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தேர்வன்று காய்ச்சலில் படுத்தால் 4 சதவீதம் போய்விடும். 200 பேர் எழுதும் பள்ளியில் அதே காய்ச்சலுக்கு அரை சதவீதம்தான். ஒரே வருட முடிவை வைத்துச் சிறிய பள்ளியைப் புகழ்வதும் பழிப்பதும் அநியாயம். ஐந்து வருடங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு உண்மை தெரியும்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்பதாம் வகுப்பில் நடக்கிறது. தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயிலாக்குவதில்லை. எனவே சல்லடை ஒன்பதில் வைக்கப்படுகிறது. ஒரு ஜூன் மாதக் காலையில் பள்ளி வாசலில் ஒரு தாயைப் பார்த்தேன். மஞ்சள் பையில் மகனின் டி.சி. "டுடோரியல்ல சேர்த்து பிரைவேட்டா எழுத வைங்கன்னு சொல்லிட்டாங்க சார்" என்றார். பையன் எங்களைப் பார்க்காமல் சைக்கிள் பெடலைக் காலால் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் தனித்தேர்வராக எழுதித் தோற்றால் அந்தத் தோல்வி எந்தப் பள்ளியின் கணக்கிலும் வராது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பள்ளிகளிலும் ஒன்பதாம் வகுப்பில் தலா 30 பேர். ஒரு பள்ளி ஐந்து பேரை அனுப்பிவிட்டு, மீதி 25 பேரையும் தேற வைக்கிறது: நூறு சதவீதம். இன்னொரு பள்ளி 30 பேரையும் வைத்துக்கொண்டு 27 பேரைத் தேற வைக்கிறது: தொண்ணூறு சதவீதம். ஊர் முதல் பள்ளிக்குச் சால்வை போர்த்துகிறது. கூடுதலாக இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றிய தலைமையாசிரியரோ ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைத் திருத்தப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறது. வந்தவரும் போனவரும் பதிவில் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகும் பெற்றோரே, தேர்ச்சி விகிதத்தைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்தப் பள்ளியிலிருந்தே பத்தாம் வகுப்பு எழுதினார்கள்?"