முதல் ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டம்

கோவையில் ஒரு சாயங்காலம். ஒரு கிளப்பின் இரண்டாம் அணி ஆடிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் பதினைந்து பேர் இருப்போம், அதில் பாதிப்பேர் பையன்களின் அப்பாக்கள். லெஃப்ட் பேக் இடத்தில் ஆடிய பையனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். அதுவரை விங்கில் ஓடிக்கொண்டிருந்தவனை அன்றைக்குத்தான் பின்வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். கோல்கீப்பர் உருட்டிய பந்தை வலது காலால் நிறுத்தினான். உடம்பு முழுக்கத் தன் கோல் பக்கம் திரும்பியிருந்தது. எதிரணிக்காரன் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது அவனுக்குத் தெரியவில்லை. பந்து போயிற்று, அடுத்த நான்காவது நொடியில் கோல்.

கோட்டோரம் நின்ற கோச் திட்டவில்லை. "கண்ணு, பந்து வர்றதுக்கு முன்னாடியே ஒருக்கா திரும்பிப் பாத்துக்கோணும்" என்றார், அவ்வளவுதான். ஆளையும் மாற்றவில்லை.

அதே பையனை அடுத்த ஒரு மணி நேரம் நான் விடாமல் பார்த்தேன். இரண்டு தடவை பயந்து வெளியே உதைத்தான். ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், ஆனால் பந்து வந்து சேர்ந்த பிறகு. கடைசிப் பத்து நிமிடம் இருக்கையில் மறுபடி கோல்கீப்பரிடமிருந்து பந்து வந்தது. இந்த முறை அது பாதி வழியில் உருண்டுகொண்டிருக்கும்போதே தோளுக்கு மேலாக ஒரு பார்வை. பிறகு பந்தைத் தொடவேயில்லை, வலது காலைத் தாண்டி உருள விட்டான். உடம்பு மைதானத்தைப் பார்த்துத் திறந்துகொண்டது. இடது காலின் உட்புறத்தால் ஏந்தி, ஓடி வந்தவன் இடப்பக்கம் கடந்து போவதற்குள் கோட்டோரமாக முப்பது அடிக்கு ஒரு பாஸ். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் "ஆங்" என்று தொண்டைக்குள் சொல்லிக்கொண்டார். கச்சேரியில் ஒரு பிடி சரியாக விழும்போது வருமே, அந்தச் சத்தம்.

முதல் அணி ஆட்டமாக இருந்தால் அந்தப் பையனை அரைமணியிலேயே வெளியே அழைத்திருப்பார்கள். அதில் குற்றமில்லை, அங்கே பாயின்ட் முக்கியம். இரண்டாம் அணி ஆட்டத்தில் அதே நாளில், அதே காலால், தப்பு செய்து திருத்திக்கொள்ள ஒருவனுக்கு 90 நிமிடம் முழுசாகக் கிடைக்கிறது. கலை கைக்கு, இங்கே காலுக்கு, வந்து சேர்கிற கணத்தைக் கண்ணால் பார்க்கலாம். பெரிய ஆட்டங்களில் அந்த வேலை முடிந்துபோய், பலன் மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறது. இதனால்தான் ரிசர்வ் ஆட்டங்களை விரும்பிப் போய்ப் பார்க்கிறேன்.

இப்படிப்பட்ட ஒரு லீக்கையே எடுத்துவிட்டால் ஒரு கிளப் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அது நடந்தது. அவர்கள் ஆடுவது நம் கால்பந்து அல்ல. நீள்வட்ட மைதானத்தில் பக்கத்துக்கு 18 பேர், காலால் உதைத்தும் கைமுட்டியால் குத்தியும் பந்தைக் கடத்துகிற ஆட்டம். நாடு முழுவதுக்குமான பெரிய லீக்குக்கு அடுத்த படியாக மாநில லீக்குகள் உண்டு. விக்டோரியாவின் லீக் 1877-இல் சங்கமாகத் தொடங்கியது, போர்ட் மெல்பர்ன், வில்லியம்ஸ்டவுன் போன்ற பழைய கிளப்புகள் ஆடுவது. அந்தக் கிளப்புகளின் இரண்டாம் அணிகளுக்கென்று டெவலப்மென்ட் லீக் ஒன்று இருந்தது. 2017 சீசனோடு அதை நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தியதும் கிளப்பின் பட்டியலில் இருக்கிற, ஆனால் அந்த வாரம் முதல் அணியில் இடம் கிடைக்காத ஆட்டக்காரர்கள் தத்தம் ஊர்க் கிளப்புக்குப் போய் ஆட வேண்டியதாயிற்று. வாரநாளில் பயிற்சி ஓர் இடத்தில், வாரக்கடைசியில் ஆட்டம் வேறோர் இடத்தில். இங்கே அவன் பின்வரிசைக்காரன். ஊரில் அவன்தான் கெட்டிக்காரன் என்பதால் அங்கே முன்வரிசையில் நிறுத்திக் கோல் அடிக்கச் சொல்வார்கள். பெரிய லீக் கிளப்போடு கூட்டு வைத்திருக்கும் மாநில அணிகளில் இன்னும் சிக்கல். மேலேயிருந்து எத்தனை பேர் இறங்கி வருகிறார்கள் என்பது வாரத்துக்கு வாரம் மாறும், அதைப் பொறுத்துத்தான் இவனுக்கு இடம்.

ஊர்க் கிளப்புகளுக்கு இதில் லாபம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல ஆட்டக்காரன் திரும்பி வந்தால் ஊர் மைதானத்தில் கூட்டம் கூடும், சின்னப் பையன்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். இரண்டாம் அணியை ஓட்டுவதும் லேசுப்பட்ட செலவில்லை. இன்னொரு கோச், இன்னொரு பிசியோ, இன்னொரு செட் ஜெர்ஸி, இன்னொரு பஸ். தெற்கு ஆஸ்திரேலியாவும் மேற்கு ஆஸ்திரேலியாவும் அந்தச் செலவைத் தாங்கித் தங்கள் மாநில லீக்குகளில் ரிசர்வ் ஆட்டத்தை வைத்திருக்கின்றன. அங்கே முதல் அணி ஆட்டத்துக்கு முன்பாகவே அதே மைதானத்தில் இரண்டாம் அணிகள் மோதுவது பழைய வழக்கம். சீக்கிரம் வந்து உட்கார்கிற ரசிகனுக்கு, அடுத்த வருஷம் யார் வரப்போகிறான் என்பது இந்த வருஷமே தெரியும். நம் ஊரில் கோயில் திருவிழாவுக்கு முதல் நாளே போய்ப் பந்தக்கால் பார்க்கிறவர்கள் உண்டல்லவா, அந்த ரகம்.

நமக்கு நெருக்கமான கதை கோவை நேரு ஸ்டேடியத்தில் நடந்தது. வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில், சுற்றிலும் கடைகள் சூழ்ந்த அந்த வட்டத்துக்குள் சென்னை சிட்டி எஃப்.சி., தேசிய லீக்கான ஐ-லீக்கின் 2017-18 சீசனில் வந்து இறங்கியது. பெயரில்தான் சென்னை, பந்து உருண்டது நம் ஊரில். அந்த சீசனின் முதல் ஆட்டம் 2017 நவம்பர் 29-ஆம் தேதி கோவாவில். எதிரணி இந்தியன் ஆரோஸ். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமே நடத்திய வளர்ப்பு அணி அது, 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய பையன்கள் பலர் அதில் இருந்தார்கள். அந்தப் பையன்களிடம் சென்னை சிட்டி 3-0 என்று தோற்றது.

அடுத்த ஆண்டு அக்டோபர் 26. ஆட்டம் கோவையில், எதிரே அதே ஆரோஸ். இப்போது சென்னை சிட்டிக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸ் கோச். முன்னால் பெட்ரோ மான்சி, நடுவில் சாண்ட்ரோ, நெஸ்டர் என்ற ஸ்பானியர்கள். 4-1 என்று ஜெயித்தது, மான்சிக்கு மூன்று கோல். அங்கிருந்து தொடங்கியதுதான் அந்த சீசன். 20 ஆட்டத்தில் 48 கோல். மான்சி மட்டும் 21.

அந்த அணியின் அழகு கோல் எண்ணிக்கைக்குள் அடங்காது. தறியில் நாடா இரண்டு கரைக்கும் போய் வருவது போல, பந்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்த் திரும்பும். நடுவில் யாரோ ஒருவன் அரைநொடி தாமதிப்பான், எதிரணியின் வரிசை அந்த அரைநொடிக்கு ஏமாந்து ஓரடி முன்னால் வரும், அந்த ஓரடி இடைவெளிக்குள் பந்து நுழையும். 2019 மார்ச் 9-ஆம் தேதி கடைசி ஆட்டம், மினர்வா பஞ்சாபுடன். ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கினார்கள். ஈஸ்ட் பெங்கால் ஒரே பாயின்ட் பின்னால் நின்று கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா என்ற அசாம் இளைஞர், கோல் அடிப்பதைத் தொழிலாகக் கொள்ளாதவர், இரண்டு கோல் போட்டார். 3-1. மொத்தம் 43 பாயின்ட், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஐ-லீக்கை ஜெயித்த முதல் தமிழ்நாட்டு கிளப்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அதிகம் யோசிக்கிறேன். எட்வின் வன்ஸ்பால் ஐ.எஸ்.எல். என்ற பெரிய லீக்கில் ஆடும் சென்னையின் எஃப்.சி.-க்குப் போனார். அலெக்சாண்டர் ரொமாரியோ யேசுராஜ் கோவாவுக்கு. அஜித்குமார் பெங்களூருவுக்கு. மான்சி ஜப்பானுக்கு. மைக்கேல் சூசைராஜ் பட்டம் வாங்குவதற்கு முன்பே ஜாம்ஷெட்பூருக்குப் போயிருந்தார். ஒவ்வொருவரும் மேலே போனது அவர்களுக்கு நியாயமான உயர்வு, ஒரு மாநில அளவு கிளப்புக்கு அது பெருமையும்கூட. 2020-21 சீசன் கொரோனா காலத்தில் வங்காளத்திலேயே முழுக்க நடந்தது. கோவை ரசிகன் தன் அணியைத் தன் ஊரில் பார்க்கவில்லை. அடுத்த சீசனின் ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை.

ஒரு கிளப் மறைவதற்குப் பணம், உரிமம், நிர்வாகம் என்று பல காரணம் இருக்கும், அதற்குள் நான் போகவில்லை. ஆட்டத்தின் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன். ஐ-லீக் கிளப்புகளுக்கென்று ரிசர்வ் லீக் அன்றைக்கு இருக்கவில்லை. 18 வயது வரை வயதுப்பிரிவு லீக் உண்டு, அதன் பிறகு நேரே முதல் அணி. 19-இலிருந்து 22 வரை, கால் உறுதிப்படுகிற, புத்தி நிதானப்படுகிற அந்த நாலு வருஷத்தை ஒருவன் பெஞ்சிலோ, வேறு பாணியில் ஆடும் வேறோர் அணியிலோ கழிக்க வேண்டும். ஆரோஸ் ஒன்றுதான் அந்த வயதுக்காரர்களுக்குத் தேசிய அளவில் வாராவாரம் ஆட்டம் கொடுத்தது. 2010-இல் ஆரம்பித்த அந்த அணியின் முதல் வரிசையில் இருந்து வந்தவர்தான் சென்னையின் எஃப்.சி. ரசிகர்களின் செல்லப்பிள்ளை ஜேஜே. 2013-இல் கலைத்தார்கள், 2017-இல் மறுபடி தொடங்கினார்கள், 2022-இல் மறுபடி கலைத்தார்கள். ஐ.எஸ்.எல். கிளப்புகளின் ரிசர்வ் அணிகள் சில காலம் ஐ-லீக் இரண்டாம் டிவிஷனில் ஆடின. பிறகு 2022-இல் கோவாவில் ரிலையன்ஸ் பவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக் வந்தது, முதல் வருஷம் எட்டு அணிகள், ஏறக்குறைய எல்லாம் பெரிய கிளப்புகளுடையவை. மாநில அளவு கிளப்பின் பையனுக்கு நடுப்படி இல்லாமல்தான் இருந்தது.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடுகிறவர்கள் அறுவடையில் ஒரு பங்கை விதை மஞ்சளாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை வேகவைப்பார்கள். விலை எத்தனை ஏறினாலும் அந்தப் பங்கில் கை வைக்கத் தயங்குவார்கள். எடுத்து வைக்க இடமே இல்லாதவன் நல்ல விலைக்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டு, அடுத்த பட்டத்துக்கு வெளியே போய் விதை வாங்குவான். முளைக்கும்தான், ஆனால் இந்த மண்ணுக்குப் பழகிய கிழங்கு அல்ல.

இந்த இழப்பு ஆட்டத்தில் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மாற்று ஆட்டக்காரன் உள்ளே வந்த முதல் ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். இரண்டாம் அணி உள்ள கிளப்பில், வருகிறவன் போகிறவனின் இடத்தில் அப்படியே பொருந்துவான். பந்து எந்த வேகத்தில் வரும், யார் எந்தக் காலுக்குப் பாஸ் கேட்பான், நடுவில் நிற்பவன் எப்போது தாமதிப்பான் எல்லாம் அவனுக்குத் தெரியும், ஏனென்றால் அதே ஆட்டத்தைத்தான் அவனும் வாராவாரம் ஆடிவந்திருக்கிறான். அது இல்லாத கிளப்பில் புதிதாக வந்தவன் இரண்டு கையையும் நீட்டி "எங்கே?" என்று கேட்பான். மற்றவர்கள் அவனுக்காக ஒரு தப்படி காத்திருப்பார்கள். நாடாவின் ஓட்டம் அங்கே அறுந்துவிடும். திறமை குறைவு என்று கேலரி முணுமுணுக்கும், அது அநியாயம். அந்தப் பையனுக்குக் கால் இருக்கிறது, அணியோடு சேர்ந்து ஆடிய மணிகள்தான் இல்லை.

கோச்சும் மெல்ல மாறுவார். பெஞ்சில் இருப்பவனை நம்ப முடியாதபோது கஷ்டமான ஆட்டத்தை யார் ஆடச் சொல்வார்? பின்வரிசையிலிருந்து கட்டி எழுப்புவதை விட்டு நீளமாக உதைக்கச் சொல்வார். ரசிகன் இழப்பது அங்கேதான்.

கொங்குநாட்டுக்கு இது புரியாத விஷயமில்லை. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிய நடராஜன் இந்தியாவுக்கு ஆடப் போனது ஒரே தாவலில் இல்லை, நடுவில் சென்னை லீக்கின் கீழ் டிவிஷன் ஒன்று இருந்தது. கிரிக்கெட்டில் அந்தப் படிகளைப் பல பத்தாண்டுகளாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கால்பந்தில் நம் பையன்கள் காத்துக்கிடக்கிறார்கள்.

அன்று ஆட்டம் முடிந்ததும் அந்த லெஃப்ட் பேக் பையன் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கோச்சிடம் வந்தான். "சார், அடுத்த வாரமும் பேக்குலதானுங்களா?" என்று கேட்டான். அவர் தலையை ஆட்டிவிட்டு, "எட்டு மணிக்கு வந்துரு, முதல் டீம் வர்றதுக்குள்ள கிரவுண்டு நமக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு" என்றார்.